பொய் ஆஜர்

கூடைப்பந்து ஆடுகிற பையன்களைக் காலேஜ்கள் ஏமாற்றுகின்றன என்று சொன்னால் தாளாளர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. உடனே ஒரு பட்டியல் வாசிக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இலவசமாக ஸீட் கொடுக்கிறோம். ஹாஸ்டலில் முட்டையும் பாலும் கொடுக்கிறோம். வருஷத்துக்கு இரண்டு ஜோடி ஷூ வாங்கித் தருகிறோம். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் படிக்காசு உண்டு. வகுப்புக்கு வராவிட்டாலும் ஆஜர் போட்டுவிடுகிறோம். இதற்கு மேல் என்ன ஐயா செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் கடைசி வரி ஒன்றின்மீதுதான் என் வழக்கு. முட்டையைப் பற்றியோ ஷூவைப் பற்றியோ நான் வாய் திறக்கப் போவதில்லை. வகுப்புக்கு வராத பையனுக்கு ஆஜர் போடுவதை இவர்கள் தர்மம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அதைத் திருட்டு என்கிறேன். திருடப்படுவது அவனுடைய படிப்பு. திருடினதற்கு ரசீது அந்த ஆஜர்ப் புத்தகம்.

நான் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். எங்கள் தேனி ஜில்லாவை வெளியூர்க்காரர்கள் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை வைத்தும், கம்பம் திராட்சையை வைத்தும், போடி ஏலக்காயை வைத்தும் அறிவார்கள். கூடைப்பந்தை வைத்து அறிகிறவர்கள் அந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் மட்டும்தான். ஆனால் அவர்கள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கம் அறுபது வருஷங்களுக்கும் மேலாக அகில இந்தியப் போட்டி ஒன்றை நடத்தி வருகிறது. மே மாதத்தில், பகல் வெக்கை சற்று இறங்கின பிறகு, விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் தொடங்கும். மாந்தோப்புக் குத்தகைக்காரர், கமிஷன் மண்டிக் கணக்குப்பிள்ளை, பென்ஷன் வாங்குகிற வாத்தியார், இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்பிள்ளை, எல்லாரும் படிக்கட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நடுவர் ஊதுவதற்கு முன்பே அது என்ன ‘ஃபௌல்’ என்று தெரியும். சென்னையில்கூட இப்படிப்பட்ட ரசிகர் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. (ஊர்ப் பெருமை சற்றுத் தூக்கலாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

இந்த ஆட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவு பிறவியிலேயே ஏற்பட்டது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் அடங்காப்பிடாரிகளாகத் திரிந்த மாணவர்களைக் கட்டடத்துக்குள்ளேயே ஓட வைப்பதற்காக, இரண்டு பழக்கூடைகளை மேல்மாடக் கைப்பிடியில் அறைந்து இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் டிரில் மாஸ்டர்களாக ஜில்லா ஜில்லாவாகப் போனார்கள். வாத்தியார் கண்டுபிடித்து, வாத்தியார் கொண்டுவந்து, வாத்தியார் பரப்பின ஆட்டம் இது. இதை ஆடுகிறவன் வகுப்பறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று இப்போது வழக்கமாகியிருப்பதைப் பார்த்தால் நெய்ஸ்மித் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

ஒரு பையனுடைய ஆட்ட வாழ்க்கை எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆறாவது ஏழாவது படிக்கும்போதே வயசுக்கு மீறின உயரம். பி.டி. மாஸ்டர் கண்ணில் படுகிறான். ஜில்லா அணி, பிறகு மாநில ஜூனியர் அணிக்கான தேர்வு. அதிர்ஷ்டம் இருந்தால் விளையாட்டு விடுதியில் இடம். பன்னிரண்டாவது முடிந்ததும் நாலு காலேஜிலிருந்து ஆள் வருகிறது. பையனுடைய மார்க்கை ஒருவரும் கேட்பதில்லை. உயரத்தைக் கேட்கிறார்கள், எந்தக் கையால் போடுகிறான் என்று கேட்கிறார்கள், மாட்டுத்தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான். எது பெரிய காலேஜோ, அல்லது எந்தக் காலேஜ்காரர் அப்பாவிடம் மரியாதையாகப் பேசினாரோ, அங்கே சேர்கிறான். பிறகு மூன்று வருஷம். அதற்குப் பிறகுதான் தொழில்.

இந்தத் ‘தொழில்’ என்ற வார்த்தையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவில் காலேஜ் ஆட்டக்காரன் தொழில்முறை ஆட்டக்காரனாகிறான் என்றால் கோடி கோடியாகச் சம்பாதிக்கிற ஒரு சங்கத்தில் சேர்கிறான் என்று அர்த்தம். நம் நாட்டில் கூடைப்பந்துக்கு அப்படி ஒரு லீக் வேரூன்றவில்லை. 2015-ல் ஒன்று தொடங்கி 2017-ஓடு ஓய்ந்தது; 2022-ல் வேறொன்று முளைத்தது. பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்துச் சத்னாம் சிங்கை 2015-ல் அமெரிக்காவின் டல்லாஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது நம் பத்திரிகைகள் குதூகலித்தன. அவர் பதினாலு வயசிலேயே அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போனவர். நம்முடைய எந்தக் காலேஜுக்கும் ஆடினவர் அல்ல. அந்தப் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே திரும்பினார் என்பதை யாரும் அவ்வளவு பெரிய எழுத்தில் போடவில்லை.

நம் பையனுக்குத் தொழில் என்றால் உத்தியோகம்தான். பெரியகுளத்துக்கு வருகிற அணிகளின் பெயர்களைக் கவனியுங்கள்: இந்தியன் வங்கி, ராணுவம், விமானப்படை, கப்பற்படை, ரெயில்வே, கேரள மின்சார வாரியம். எல்லாம் ஆபீஸ்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியாக இருந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்கும் மாதச் சம்பளம் வந்தது தென்னக ரெயில்வேயிலிருந்துதான். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஏழை வீட்டுப் பையன் பந்தைக் கூடைக்குள் போட்டுப் பழகி, அதன் பலனாக ஐம்பத்தெட்டு அறுபது வயசு வரைக்கும் மாதச் சம்பளம் வாங்குவான் என்றால், அதைக் காட்டிலும் நாணயமான ஏற்பாடு வேறு எது?

ஆனால் அந்த வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறான். மத்திய சர்க்காரின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதி தெளிவாகச் சொல்கிறது: மற்ற எல்லா விதத்திலும் தகுதி இருக்க வேண்டும், முக்கியமாக வயசும் படிப்பும் அந்த உத்தியோகத்துக்கு விதித்தபடி இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் ஆடினதற்கு மூன்றாம் எண் படிவத்தில் ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். பையன்கள் அதை ‘ஃபார்ம் த்ரீ’ என்று பயபக்தியோடு சொல்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம் போட்டிப் பரீட்சைக் கும்பலிலிருந்து அவனை விலக்கித் தனி வரிசையில் நிறுத்தும். பட்டம் கேட்கிற உத்தியோகத்துக்குப் பட்டம் இல்லாமல் உள்ளே விடாது. அதாவது, ஆட்டத்தைத் தொழிலாக்கிக்கொள்ள வேண்டுமானால் அவன் படித்துத் தேற வேண்டும். எவன் மூன்று வருஷம் படிக்க விடாமல் பார்த்துக்கொண்டானோ, அவன்தான் “நீ நேஷனல் ஆடு தம்பி, வேலை தானா வரும்” என்று முதுகில் தட்டிக்கொடுத்தவனும்!

படிக்க விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? யாரும் புத்தகத்தைப் பிடுங்கி எறிவதில்லை. ‘ஓ.டி.’ என்று இரண்டே எழுத்து. ‘ஆன் டியூட்டி’ என்பதன் சுருக்கம். காலேஜ் வேலையாக வெளியே போயிருக்கிறான், ஆகவே வகுப்பில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று பொருள். நியாயமான ஏற்பாடாகத்தான் இது தொடங்கியிருக்கும். பல்கலைக்கழகத்துக்காக ஆடப் போனவனுக்கு நான்கு நாள் ஆஜர் குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போகக் கூடாதல்லவா? ஆனால் நான் அறிந்த பையன்கள் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போட்டிகளுக்காவது போகிறார்கள். மண்டலப் போட்டி, பல்கலைக்கழக அணிக்கான முகாம், தென்மண்டலப் போட்டி; இவை போதாதென்று ஊர் ஊராகக் கிளப்புகள் நடத்துகிற பணமுடிப்புப் போட்டிகள். உள்ளூரில் இருக்கிற நாளிலும் காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரை வரை மைதானம். மாலை நாலு மணிக்கு மறுபடியும். நடுவில் இருக்கிற நேரத்தில் அவன் தூங்கத்தான் செய்வான்; எந்த மனித உடம்பும் தூங்கத்தான் செய்யும். மேஜையில் தலை வைத்துத் தூங்குவதைவிட ஹாஸ்டலிலேயே தூங்கட்டும் என்று அந்த நாளுக்கும் ஓ.டி. போடுகிறார்கள். நவம்பர் பரீட்சை வருகிறது. வினாத்தாளைப் பார்த்தால் அது என்ன பாடம் என்பதே அவனுக்குப் புரிவதில்லை. அரியர் விழுகிறது. அடுத்த பருவத்தில் அதன் தலையில் இன்னொரு அரியர்.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், காலேஜின் பெயரும் வேண்டாம். ஆறடி மூன்றங்குலம். தாயார் விடியுமுன் ஜீப்பில் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் கூலிவேலை செய்கிறவள். பையன் பி.காம். சேர்ந்தான். இரண்டு வருஷம் பல்கலைக்கழக அணியில் ஆடினான். பந்தோடு ஓடிவந்து எம்பிப் போடுகிற ‘லே-அப்’ இருக்கிறதே, அதை அவன் போடுகிற அழகுக்காகவே நான் இருபது மைல் பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வருஷம் எங்கேயோ ஒரு பணமுடிப்புப் போட்டியில் கீழே இறங்கும்போது முழங்கால் திரும்பி ஜவ்வு அறுந்தது. முதல் ஸ்கேனுக்குக் காலேஜ் பணம் கொடுத்தது. ஆபரேஷனுக்குத் தாயார் தோட்டத்துக் கங்காணியிடம் முன்பணம் வாங்கினாள். காலேஜை விட்டு வெளியே வந்தபோது பதினோரு அரியர். இப்போது குட்டியானை வண்டி ஓட்டுகிறான். சின்னமனூரிலிருந்து வாழைத்தாரும், கம்பத்திலிருந்து திராட்சைப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு போவான்.

ஒருநாள் டீக்கடையில் அவனைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்: “அண்ணே, மூணு வருசம் படிச்சேன்ல, என் கிளாஸ் ரூம் எந்த மாடின்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா அட்டெண்டன்ஸு தொண்ணூத்திரண்டு பெர்சென்ட்டுண்ணே!”

தொண்ணூற்றிரண்டு! பரீட்சை எழுத எழுபத்தைந்து இருந்தால் போதும். மேற்கொண்டு பதினேழு எதற்கு? பொய் சொல்ல ஆரம்பித்தவனுக்குக் கை தாராளமாகிவிடுகிறது போலும். ஒழுங்காக வகுப்புக்குப் போய் ஜுரத்தில் பத்து நாள் படுத்த மாணவனுக்குக்கூட இந்தச் சதவிகிதம் கிடைத்திருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையன் காலேஜை விட்டு இரண்டு வருஷம் கழித்து, அட்மிஷன் சமயத்தில், அதே காலேஜ் வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸ் பானரில் அவன் எம்பி நிற்கிற படம் இருந்தது. அந்தப் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போனபோது தானே பார்த்ததாகச் சொன்னான். அதற்கும் சிரித்தான்.

நான் இந்த மாதிரி ஏதாவது சொன்னால் எதிர்க்கட்சிக்காரர்கள் அமெரிக்காவைக் கூப்பிடுகிறார்கள். காலேஜ்களில் ‘முன்னேற்றப் பேச்சு’ பேசச் சில பேர் வருகிறார்களே, அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட கதை. அமெரிக்கக் கால்பந்து என்று ஒரு விளையாட்டு. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். அதில் ‘வைட் ரிசீவர்’ என்று ஒரு ஸ்தானம். வெகு தூரம் ஓடிப்போய், எதிரிகளுக்கு நடுவே, ஆகாயத்தில் வருகிற பந்தை எட்டிப் பிடிப்பவன். அந்த ஸ்தானத்தில் எல்லாரையும்விடச் சிறந்தவர் என்று பலரும் ஒப்புக்கொள்கிற ஜெர்ரி ரைஸ், மிஸிஸிப்பி மாநிலத்துச் சிற்றூர்க்காரர். தகப்பனார் கொத்தனார். கோடையில் அண்ணன் தம்பிகள் கீழேயிருந்து வீசுகிற செங்கல்லைச் சாரத்தில் நின்று பிடித்துப் பிடித்துத்தான் அந்தக் கை வந்ததாம். பெரிய காலேஜ்கள் அவரைச் சீண்டவில்லை. இட்டா பீனா என்ற ஊரில், கறுப்பின மாணவர்களுக்கென்று ஏற்பட்ட மிஸிஸிப்பி வேலி ஸ்டேட் காலேஜில் 1981-ல் சேர்ந்தார். 1984-ல் ஒரே பருவத்தில் 27 தடவை பந்தை எல்லைக்கு அப்பால் பிடித்துக் காட்டினார். 1985-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ அணி அவரைப் பதினாறாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. கொத்தனார் மகன் கோடீஸ்வரன் ஆனான். கேட்கிறதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையும்கூட.

அதே தேசத்தில் அதே காலத்தில் நடந்த இன்னொரு கதையை இந்தப் பேச்சாளர்கள் சொல்வதே இல்லை. கெவின் ராஸ் என்று ஒரு பையன். இவன் ஆடினது நம் கூடைப்பந்துதான். நெப்ராஸ்கா மாநிலத்து ஓமாஹா நகரில் உள்ள கிரைட்டன் பல்கலைக்கழகம் 1978-ல் இவனைச் சேர்த்துக்கொண்டது. அந்த வருஷம் அங்கே சேர்ந்த மாணவர்கள் நுழைவுப் பரீட்சையில் வாங்கின மார்க் சராசரியாக 23.2. ராஸ் வாங்கினது 9. தெரிந்தேதான் சேர்த்தார்கள். ‘குறி பார்த்துச் சுடுதல்’, ‘கூடைப்பந்துக் கோட்பாடு’ என்கிற வகுப்புகளில் போட்டு வைத்தார்கள். அவை பட்டத்துக்குக் கணக்கில் வராத வகுப்புகள். 1982-ல் அவன் வெளியே வந்தபோது பட்டத்துக்கு வேண்டிய 128 மதிப்பெண் அலகுகளில் 96 இருந்தன. மொழியறிவு நாலாம் வகுப்புப் பிள்ளையின் தரம். வாசிப்பு ஏழாம் வகுப்பின் தரம். இது நான் சொல்வதல்ல. கோர்ட்டுத் தீர்ப்பில் பதிவாகியிருப்பது. பிறகு அந்த நெட்டைப் பையன் சிகாகோவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, குழந்தைகளோடு உட்கார்ந்து பாடம் படித்தான். நாலு வருஷம் தன்னுடைய காலேஜ் பெயர் பொறித்த பனியனைப் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் ஆடினவன்!

பிற்பாடு அவன் வழக்குப் போட்டான். 1992-ல் மேல்கோர்ட்டு, ‘சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை’ என்ற பொதுப் புகாரைக் கோர்ட்டு விசாரிக்க முடியாது என்று தள்ளியது. ஆனால் இன்ன உதவி செய்கிறோம் என்று வாக்குக் கொடுத்துச் சேர்த்துவிட்டு, அந்த உதவியை அடியோடு செய்யாமல் விட்டிருந்தால் அது ஒப்பந்தத்தை மீறின குற்றமாகும், அதை விசாரிக்கலாம் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்த இடம் அது. காலேஜ் கொடுத்த ஸீட்டு தானம் அல்ல, ஒப்பந்தம். பையன் தன் பங்கை வியர்வையாகக் கொடுத்துவிட்டான். உன் பங்கு எங்கே?

இன்னும் ஒன்று. வட கரோலினா பல்கலைக்கழகம், மைக்கேல் ஜோர்டான் ஆடின இடம். இது அவர் காலத்துக்குப் பிற்பட்ட சங்கதி. அங்கே 1993 முதல் 2011 வரை பதினெட்டு வருஷம், வகுப்பே நடக்காத ‘வகுப்புகள்’ நடந்திருக்கின்றன. ஒரு கட்டுரையைக் கொடுத்தால் மார்க். 3,100 மாணவர்கள் இதில் கலந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டுக்காரர்கள். 2014-ல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. ஆகவே பொய் ஆஜர் நம் மண்ணின் கண்டுபிடிப்பு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். அங்கே குறைந்தபட்சம் விசாரணையாவது நடந்தது.

“அங்கே இப்போது காலேஜ் பையன்களுக்குச் சம்பளமே கொடுக்கிறார்களே, நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்களா?” என்று ஒரு நண்பர் கேட்டார். கொடுக்கத்தான் செய்கிறார்கள். 2021-ல் அவர்கள் உச்சநீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, காலேஜ் விளையாட்டுச் சங்கத்தின் கட்டுப்பாடுகள் சில சட்டவிரோதம் என்றார்கள். 2025 ஜூலையிலிருந்து ஒரு காலேஜ் தன் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு மொத்தம் இரண்டு கோடி டாலருக்கு மேல் நேரடியாகவே பங்கு கொடுக்கலாம் என்று ஏற்பாடாகியிருக்கிறது. அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேல், ‘இவன் தொழிலாளி அல்ல, மாணவ வீரன்’ என்று ஒரு சொல்லை வைத்துச் சமாளித்தார்கள். அந்தச் சொல் பிறந்த கதை அருவருப்பானது. 1955-ல் கொலராடோவில் ஒரு பையன் காலேஜுக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தான். அவன் மனைவி நஷ்டஈடு கேட்டாள். ஆட்டக்காரன் காலேஜின் தொழிலாளி என்று கோர்ட்டுகள் சொல்லிவிடுமோ என்கிற அந்தப் பயத்தில்தான் ‘மாணவ வீரன்’ என்ற சொல்லை உருவாக்கினோம் என்று, சங்கத்தின் தலைமை நிர்வாகியாக வெகுகாலம் இருந்த வால்டர் பயர்ஸே பின்னாளில், 1995-ல், எழுதினார். 1957-ல் மாநில மேல்கோர்ட்டு விதவைக்கு ஒன்றும் கிடையாது என்றது. நம் பத்திரிகைகள் ‘மாணவ வீரர் சாதனை’ என்று தலைப்புப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த விதவை ஞாபகம் வருகிறாள்.

ஆனால் நான் சம்பளம் கேட்கவில்லை. நம் காலேஜ் ஆட்டத்துக்கு டெலிவிஷன் பணம் வருவதில்லை, டிக்கெட்டும் கிடையாது. வருகிற லாபம் வேறு விதம். கோப்பை, கோப்பையோடு தாளாளர் படம், படத்தைப் பார்த்துச் சேருகிற பணம் கட்டுகிற மாணவர்கள். அந்த லாபத்துக்கு ஈடாகப் பையனுக்கு அவர்கள் கொடுக்கக்கூடியது அவர்களிடமே தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கிற சரக்குதான்: படிப்பு. காலேஜ் என்ற பெயர்ப் பலகை மாட்டியிருக்கிற இடத்தில் அதைத்தானே கேட்க முடியும்?

பி.டி. சாரைத் திட்டுவது சுலபம். நான் திட்டவில்லை. அவருடைய வேலை கோப்பையில் தொங்குகிறது. ‘சுயநிதி’ப் பிரிவில் வருஷத்துக்கு வருஷம் ஆர்டர் புதுப்பிக்கிற மனிதர். அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் மனம்விட்டுச் சொன்னார்: “ஆஜர் போடலேன்னா பையன் பரீட்சைக்கே உட்கார முடியாதே சார். நான் அவனுக்கு நல்லதுதானே செய்யறேன்?” அவர் சொல்வதில் ஒரு உண்மை உண்டு. பொய்யை மட்டும் நிறுத்திவிட்டு வேறொன்றும் செய்யாவிட்டால் பையன் இன்னும் சீக்கிரம் தெருவுக்கு வருவான். அதனால்தான் இது அவரால் ஆகிற காரியம் அல்ல என்கிறேன்.

இந்த இடத்தில் உங்களோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. இந்தப் பக்கங்களைப் படிக்கிற நீங்கள் உங்கள் பிள்ளையை ஒன்பதாவது வகுப்போடு மைதானத்திலிருந்து இழுத்து டியூஷனுக்கு அனுப்பிவிட்டவர்கள். அது தப்பில்லை, பிள்ளையின் எதிர்காலம் படிப்பில்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரியின் பிள்ளைக்கு மட்டும் அது எப்படித் தேவையில்லாமல் போயிற்று? “அவனுக்குப் படிப்பு எங்கே ஏறப் போகுது, விளையாட்டாவது வருதே” என்று பரிவோடு சொல்கிறீர்கள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் நகர்கிற ஆட்டத்தில், எவன் எங்கே திரும்புவான் என்று கண்ணிமைக்கிற நேரத்தில் கணக்குப் போட்டு, திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கொடுக்கிறான் ஒருவன். அவனுக்கு வரவு செலவுக் கணக்கு ஏறாது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? ஏறாது என்பதை யார் சோதித்துப் பார்த்தார்கள்? வகுப்பில் உட்காரவே விடவில்லையே!

நான் இரண்டு வருஷத்தோடு காலேஜை விட்டவன். அதனால் பட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விட்டது உண்மை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பிடிக்காமல் எழுந்து வந்தேன் என்றால், எது பிடிக்கவில்லை என்று தெரிந்து வந்தேன். அந்த உரிமைகூட இந்தப் பையன்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற காரியம் அல்ல. வெளியே போன நாளை வெளியே போன நாள் என்றே தனியாக எழுதட்டும். அதையும் ஆஜரையும் ஒரே கூட்டலில் போட வேண்டாம். போட்டிக் காலம் முடிந்ததும் ஹாஸ்டலில் இரவு இரண்டு மணி நேரம் தனி வகுப்பு வைக்கட்டும். நடத்துகிற வாத்தியாருக்குத் தனியே பணம் கொடுக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பையன்களுக்கு ஆகிற செலவு ஒரு பிளெக்ஸ் பானர்ச் செலவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். காலேஜுக்காக ஆடி அடிபட்டவனுக்குக் கால் குணமாகிற வரை வைத்தியம் காலேஜின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வேண்டும்: இரண்டு பாடத்துக்கு மேல் அரியர் வைத்த பையன் காலேஜ் பனியனைப் போட்டுக்கொண்டு ஆடக் கூடாது. ‘ஐயோ, பையனைத் தண்டிக்கிறீர்களே’ என்று அலறுவார்கள். தண்டனை காலேஜுக்கு. முதல் ஐந்து ஆட்டக்காரர்களில் மூன்று பேர் வெளியே உட்கார்ந்து கோப்பை ஒரு வருஷம் கை நழுவட்டும்; மறு வருஷம் தாளாளரே குச்சியை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலில் வந்து நின்று படிக்க வைப்பார். அமெரிக்காவிலும் படிப்பில் முன்னேற்றம் இல்லாதவன் ஆடக் கூடாதென்று விதி உண்டு. அதை ஏய்க்கத்தான் அந்தக் கட்டுரை வகுப்புகள் முளைத்தன என்பதும் எனக்குத் தெரியும். ஏய்ப்பான் என்பதற்காகப் பூட்டே வேண்டாம் என்று யாரும் வீட்டைத் திறந்து போடுவதில்லை.

தாளாளர்கள் தாமாக இதைச் செய்வார்கள் என்று காத்திருக்கிறதற்கில்லை. மே மாதம் பெரியகுளத்தில் ஆட்டம் முடிந்ததும் ஜூனில் காலேஜ்காரர்கள் பையனைத் தேடி வீட்டுக்கு வருவார்கள். வாசலில் கார் நிற்கும், பழத்தட்டு வரும். அப்போது தகப்பனோ தாயோ இரண்டு கேள்வி கேட்க வேண்டும். போன மூன்று வருஷத்தில் உங்கள் கூடைப்பந்து அணியில் ஆடினவர்கள் எத்தனை பேர், அவர்களில் அரியர் இல்லாமல் பட்டம் வாங்கினவர்கள் எத்தனை பேர்? பையனுக்குக் கால் முறிந்தால் பணம் யாருடையது? பதிலை வாயால் சொன்னால் போதாது. காலேஜ் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். எழுதிக் கொடுக்கத் தயங்கினால் பழத்தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த காருக்குக் காத்திருக்கலாம். ஆறடிப் பையன் வீட்டில் இருந்தால் இன்னொரு கார் நிச்சயம் வரும்.